வீட்டு அலுவலக அறையில் காற்று சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "தொந்தரவு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது?" பலருக்குப் பதில் தெரிந்திருக்காது. இரண்டு மூன்று நாள் நேரத்தைக் குறித்துப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் ப்யூரிஃபையருக்கு அங்கே வேலையே இருக்காது.

உங்கள் அறிகுறி எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கரைக்கும் தீர்வு கடைசியில் வரும். கையில் ஒரு டார்ச், மெல்லிய டிஷ்யூ காகிதம், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி இருந்தால் போதும். கார்பன் டை ஆக்சைடு மானி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் நடக்கும்.

முதலில், சோதித்துக்கொண்டு நிற்கக் கூடாத மூன்று

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் உங்களுக்கு மட்டுமின்றி வீட்டில் இன்னொருவருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா? வளர்ப்பு நாயோ பூனையோ சுருண்டு கிடக்கிறதா? வெளியே போனதும் தெளிகிறதா? கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர், ஜெனரேட்டர், கரி அடுப்பு, வீட்டோடு ஒட்டிய கார் ஷெட் இவையெல்லாம் வழக்கமான மூலங்கள். எல்லோரும் வெளியேறிவிட்டு, வெளியில் நின்று அவசர உதவியைக் கூப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு மீட்டிங்கைத் தொடர்கிற கதை வேண்டாம்.

அழுகிய முட்டை போன்ற நாற்றம் வந்தால் கேஸ் கசிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் வால்வு இருந்தால் மூடிவிட்டு வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள்.

மேசைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடையோ மீன் தீய்ந்ததுபோல ஒரு வாடையோ வந்தால், அது வயரோ பவர் ஸ்ட்ரிப்போ சூடேறுவதாக இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். புகை தெரிந்தால் உள்ளே நின்று தேட வேண்டாம்.

காலையில் நன்றாக இருந்து, முற்பகலில் தலை கனக்கிறது, கொட்டாவி வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். உட்கார்ந்து ஒன்று இரண்டு மணி நேரத்தில் தொடங்கும். காபி குடித்தால் கொஞ்சம் தாங்கும். எழுந்து வெளியே நடந்துவிட்டு வந்தால் தெளியும், திரும்ப உட்கார்ந்தால் மறுபடி வரும். அறையில் நீங்கள் விட்ட மூச்சே சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் இங்கே முதல் சந்தேகம்.

"ஏசி ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். ஃபேன் உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுகிறது. சாதாரண ஸ்ப்ளிட் ஏசியும் அறைக் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திருப்பி விடுகிறது. வெளிக்காற்று ஒரு மிடறுகூட உள்ளே வருவதில்லை. குளிர் வெளியே போய்விடுமே என்று கதவையும் அடைத்துவிடுவோம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உட்கார்ந்து வேலை பார்ப்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள அறையில் இருப்பது ஏறக்குறைய 24,000 லிட்டர் காற்று. இடுக்கே இல்லாமல் அடைத்த அறை என்றால் மணிக்கு 750 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 750 பங்கு) ஏறும். வெளிக்காற்றின் அளவு 420 பிபிஎம்மை ஒட்டியது. ஆக, ஒரே மணி நேரத்தில் 1,100-ஐத் தாண்டிவிடும். நிஜமான அறையில் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் கசியும் என்பதால் வேகம் குறையும், அவ்வளவுதான்.

மானி இல்லாதவர்களுக்கான சோதனை: ஒரு நாள் வழக்கம்போல அடைத்து வேலை பாருங்கள். மறுநாள் அதே நேரம், அதே வேலை, ஆனால் கதவும் ஜன்னலும் ஒரு சாண் திறந்திருக்கட்டும். இரண்டாம் நாள் தலை கனக்கவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

மானி இருந்தால் மூச்சுப் படாத இடத்தில், ஒரு மீட்டராவது தள்ளி, உட்கார்ந்திருக்கும் முகத்தின் உயரத்தில் வையுங்கள். அப்புறம் எண்ணைப் பாருங்கள்.

800-க்குக் கீழேயே நிற்கிறதா? காற்றோட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அறை வெப்பம், தண்ணீர் குடிக்காதது, கண்ணாடிப் பவர் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

1,000 முதல் 1,500 வரை ஏறுகிறதா? வேலைக்கு நடுவில் திறந்துவிடும் பழக்கம் போதும்.

2,000-ஐத் தாண்டுகிறதா? அறைக்கு நிரந்தரமாக ஒரு வழி செய்ய வேண்டும். இந்த அளவில் கார்பன் டை ஆக்சைடு விஷம் என்று பயப்பட வேண்டாம். மூச்சுக்காற்றும் அதோடு சேர்ந்த மற்றதும் வெளியேறவில்லை என்பதற்கு அது அடையாளம்.

மானி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த சில கருவிகள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. வேறு வாயுக்களை உணர்ந்து அதிலிருந்து ஊகித்து ஓர் எண்ணைக் காட்டுகின்றன. பக்கத்தில் சானிடைசர் பாட்டிலைத் திறந்தால் அந்த எண் எகிறும். அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் சென்சார் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல மானிகள் தாமாகவே அளவைச் சரிசெய்துகொள்ளும். சில நாட்களில் தாம் கண்ட மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். எப்போதும் அடைத்த அறையிலேயே கிடக்கும் மானி இப்படி மெல்ல மெல்லக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை அதை மாடியிலோ பால்கனியிலோ கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள்.

சரிசெய்யும் வரிசை:

1. கதவைத் திறந்து வையுங்கள். வீட்டின் மற்ற அறைகளின் காற்று வந்து கலந்தாலே எண் பாதியாகக் குறைவது சாதாரணம்.
2. இரண்டு எதிரெதிர்த் திறப்புகள். ஒரே ஜன்னலை அகலத் திறப்பதைவிட, ஜன்னலும் எதிர்ப்பக்கக் கதவும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருப்பது நன்றாக வேலை செய்யும். கதவிடுக்கில் டிஷ்யூவைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் காற்று ஓடுகிறது.
3. மேசை ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். உள்காற்றை வெளியே தள்ளினால், புதுக்காற்று தானாக வேறு வழியில் வரும்.
4. எக்ஸாஸ்ட் ஃபேன். மாட்டினால் மட்டும் போதாது. கதவுக்கு அடியில் காற்று நுழைய இடைவெளி இல்லையென்றால் அது வெறுமனே இரைச்சல் போடும்.
5. வெளியேறும் காற்றின் குளிரையோ சூட்டையோ மிச்சப்படுத்திக்கொண்டு புதுக்காற்றை உள்ளே விடும் வென்டிலேட்டர். இதற்குச் சுவரில் துளை போட வேண்டும், ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

வெளியே புகையும் தூசியுமாக இருந்தால்? ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து அறைக் காற்றை மாற்றிவிட்டு மூடுங்கள். பிறகு ப்யூரிஃபையரை ஓடவிட்டு, உள்ளே வந்த தூசியை வடிகட்டுங்கள். ப்யூரிஃபையர் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்.

காற்று சரியான பிறகும் தலைவலி தினமும் வந்தால் கண் மருத்துவரிடம் தொடங்குங்கள்.

கண் எரிகிறது, தொண்டை காய்கிறது

முதலில் காற்றைக் குற்றம் சொல்லாதீர்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எரிச்சல் திரை வேலையில் மட்டும் வந்து, அதே அறையில் போனில் பேசும்போது வராவிட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். அடிக்கடி தூரத்தில் பாருங்கள், வேண்டுமென்றே இமையுங்கள்.

அடுத்தது, ஏசிக் காற்று எங்கே விழுகிறது? உட்கார்ந்த இடத்தில் முகத்துக்கு நேரே டிஷ்யூவைப் பிடியுங்கள். படபடவென்று ஆடினால் ஏசியின் தகட்டைத் திருப்புங்கள், அல்லது நாற்காலியை நகர்த்துங்கள். இலவசமாகத் தீரும்.

அதற்குப் பிறகு ஈரப்பதம். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30-க்குக் கீழே போனால் கண், மூக்கு, தொண்டை மூன்றும் காயும். ஆனால் விலை குறைந்த ஈரப்பதமானிகள் ஐந்து, பத்து சதவீதம்கூடத் தவறாகக் காட்டும். நம்புவதற்கு முன் உப்புச் சோதனை செய்யுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு ஜிப் கவரில் வைத்து மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கவரைத் திறக்காமலே பாருங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 69 காட்டினால், இனி அந்த மானி சொல்வதோடு 6-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே வறட்சிதான் என்றால் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வைக்கலாம். மீயொலியால் ஆவி கிளப்பும் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், தண்ணீரில் உள்ள உப்புக்கள் வெள்ளைப் பொடியாக மானிட்டர்மேல் படியும். மூச்சிலும் போகும். காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீரை ஊற்றுங்கள். தினமும் பழைய நீரைக் கொட்டித் தொட்டியைக் கழுவ முடியாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது.

அயனி விடும் கருவி, ஓசோனால் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி ஏதாவது ஓடினால் நிறுத்திப் பாருங்கள். ஓசோன் கண்ணையும் நுரையீரலையும் எரிச்சலூட்டும் வாயு. மனிதர் இருக்கும் அறையில் அதற்கு இடமில்லை.

கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

உட்கார்ந்த சில நிமிடங்களில் தும்மல், மூக்கு ஒழுகல்

ஃபேன் போட்டதும் தும்மலா? ஸ்டூல்மேல் ஏறி இறக்கையின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கீழிருந்து பார்த்தால் வெள்ளையாகத் தெரியும் இறக்கையின் மேலே கம்பளிபோலத் தூசி படர்ந்திருக்கும். பழைய தலையணை உறையை இறக்கைமேல் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். அதோடு மானிட்டருக்குப் பின்புறம், வயர் சுருள், திரைச்சீலை, கம்பளம். உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமே தவிர வெளியே போகாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

படுக்கையறையிலேயே மேசை போட்டிருக்கிறீர்களா? தூசிப்பேன் (படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) முக்கியமான சந்தேகம். விரிப்பையும் உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவையுங்கள், ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள். தூசிப்பேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் தும்மல் நிற்கவில்லை என்றால், ப்யூரிஃபையர் வாங்கத் தகுந்த இடம் இதுதான். அதில் உள்ள ஹெப்பா ஃபில்டர் (நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் அந்த எண்ணைவிட, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பதுதான் முக்கியம். அறையின் கன அளவை 5-ஆல் பெருக்குங்கள். முன்பு சொன்ன 24 கன மீட்டர் (24,000 லிட்டர்) அறைக்கு மணிக்கு 120 தேவை. அதிலும் பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்ச வேகத்துக்கான எண். அந்த இரைச்சலில் யாரும் மீட்டிங் பேச முடியாது, குறைத்துத்தான் வைப்பீர்கள். ஆகவே கணக்கில் வருவதைப் போல இருமடங்கு திறனுள்ளதை வாங்கி, நடு வேகத்தில் ஓடவிடுங்கள்.

வீசிங், நெஞ்சு இறுக்கம், இரவில் இருமல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். எதற்கு ஒவ்வாமை என்று சோதித்துத் தெரிந்துகொண்டால் வீட்டில் எதை மாற்றுவது என்பதும் தெரியும்.

ஏசி போட்டதும் ஊளை நாற்றம், கொஞ்ச நேரத்தில் குறைகிறது

மூக்கு பழகிவிடுவதால்தான் குறைந்ததுபோல் தெரிகிறது.

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மறுபக்கம் தெரியவில்லையென்றால் கழுவும் நேரம் தாண்டிவிட்டது. தினமும் எட்டு மணி நேரம் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது அதிகமில்லை. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் நாற்றமா? வெளியே வடிகுழாயைப் பாருங்கள். ஏசி ஓடும்போது தண்ணீர் சொட்ட வேண்டும். முன்பு நன்றாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் இப்போது காய்ந்து கிடந்தால், அடைப்பால் உள்தட்டில் நீர் தேங்கியிருக்கலாம். பிறகு டார்ச் அடித்து உள்ளே உருளை ஃபேனைப் பாருங்கள். கருப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் அதை நீங்கள் நோண்ட வேண்டாம், கழற்றிக் கழுவ மெக்கானிக் வர வேண்டும். வந்தவர் வெறும் ஃபில்டரை மட்டும் கழுவிவிட்டு "சர்வீஸ் முடிந்தது" என்றால், டார்ச்சை அவர் கையில் கொடுத்து அந்த உருளையைக் காட்டுங்கள்.

சுத்தம் செய்த பின், அணைப்பதற்கு முன் இருபது நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காய்ந்துவிடும். வாசனை ஸ்ப்ரே அடிப்பது இன்னொரு ரசாயனத்தைச் சேர்ப்பதுதான்.

மட்கிய நெடி, சுவரில் கருப்புப் புள்ளிகள்

பூஞ்சையைத் துடைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். மேலே பெயின்ட் அடித்தால் பெயின்டோடு சேர்ந்து உரியும்.

சோதனை: ஒரு அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள்.

தாளின் அறைப்பக்கம் ஈரமா? அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், துணியை அறையில் காயப்போடாதீர்கள். ஈரப்பதம் எப்போதும் 60-க்கு மேலேயே நின்றால் ஈரம் உறிஞ்சும் கருவி வாங்கலாம்.

சுவர்ப்பக்கம் ஈரமா? சுவருக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. குழாய்க் கசிவோ, வெளிச்சுவர் விரிசலோ, மேலே குளியலறையோ. பிளம்பரும் கொத்தனாரும் பார்க்க வேண்டிய வேலை, அறைக்குள் எந்தக் கருவி வைத்தும் பயனில்லை.

பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாகக் காயவிடலாம். ப்ளீச்சையும் அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பரப்பு அதைவிடப் பெரிது என்றாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தாலோ, தெரிந்த ஆட்களிடம் விடுங்கள்.

புது மேசை, புது நாற்காலி வந்த பிறகு தொடங்கிய நெடி

அழுத்திய மரத்தூள் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வரும். சூடும் ஈரமும் கூடக்கூட அதிகமாக வரும். மதிய வெயிலில் நெடி ஏறி, காலையில் குறைந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். எந்தப் பொருள் என்று தெரிய, ஒவ்வொன்றாக இரண்டு நாள் வேறு அறைக்கு மாற்றிப் பாருங்கள்.

மேசை என்றால் கீழே குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே பளபளவென்று ஒட்டியிருக்கும் தாள், அடியிலும் வயர் துளைகளின் ஓரத்திலும் பெரும்பாலும் இருக்காது. மேல்தாள் இல்லாமல் வெறுமையாகத் தெரியும் அந்தப் பலகைதான் மூலம். அங்கே சீல் செய்யும் பூச்சு அடித்து, அது காயும்வரை அறையைத் திறந்து வைத்தால் நன்றாகக் குறையும். முதல் சில வாரம் ஜன்னல்தான் முக்கிய மருந்து.

ப்யூரிஃபையரால் வாயுவை எடுக்க வேண்டுமென்றால் அதில் கார்பன் கணிசமான எடையில் இருக்க வேண்டும். மெல்லிய கருப்புத் துணிபோன்ற ஃபில்டர் சீக்கிரமே நிரம்பிவிடும். செடி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அழகுக்கு வையுங்கள். செடி காற்றைச் சுத்தமாக்கும் என்று எல்லோரும் காட்டும் 1989 நாசா ஆய்வு சிறிய மூடிய பெட்டிகளுக்குள் நடந்தது. 2019-இல் வந்த ஒரு மறு ஆய்வு, ஜன்னல் தரும் பலனைச் செடி தர ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது 10 செடி வேண்டும் என்று கணக்கிட்டது. உட்கார இடம் இருக்காது.

சில மாதம் கழித்தும் நெடி குறையவில்லை, கண் எரிகிறது என்றால் ஆய்வகத்தில் காற்றைச் சோதிக்கலாம். அந்தச் செலவுக்கு முன் மேசையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் கருவியில் பிஎம்2.5 (காற்றிலுள்ள நுண்துகள் அளவு) சிவப்பாகவே நிற்கிறது

ஹியூமிடிஃபையர் ஓடுகிறதா? சென்சார் நீர்த்துளியையும் தூசி என்றே எண்ணும். அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

சமையல் நேரத்தில் மட்டும் ஏறுகிறதா? வறுப்பதும் பொரிப்பதும் நிறையத் துகளைக் கிளப்பும். சமையலறை எக்ஸாஸ்டைப் போட்டு, அந்த நேரம் மட்டும் அலுவலக அறைக் கதவை மூடுங்கள். ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், வாசனை மெழுகுவர்த்தி எதுவானாலும் புகை புகைதான். லேசர் பிரின்டரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் தள்ளி வையுங்கள்.

ப்யூரிஃபையர் ஓடியும் எண் இறங்கவில்லையா? ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். உறை இல்லையென்றால், சென்சார் துளையில் தூசி அடைத்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

எந்த நேரமும், எல்லா அறையிலும் ஒரே அளவு சிவப்பு என்றால் அது வெளிக்காற்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பரிந்துரையில் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அதை ஒட்டிக் கொண்டுவர ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, ப்யூரிஃபையரை நாள் முழுக்க ஓடவிட வேண்டியிருக்கும்.

எப்போதாவது வந்து போகும் சாக்கடை வாடை

அறையை ஒட்டிப் பயன்படுத்தாத குளியலறையோ வாஷ்பேசினோ இருந்தால், வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். வாடை நின்றால், சில வாரத்துக்கு ஒருமுறை அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். தண்ணீர் நிற்கும்போதும் வாடை வந்தால், வேறொரு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காது கொடுங்கள். இங்கே வளைவில் களகளவென்று சத்தம் கேட்டால் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.